முனை கோணின கத்தி

வாங்க, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, ஷெட்டுப் பூராவும் இரும்புத்தூள், வெறுங்காலோட நடந்தா ஏறிக்கும். நீங்கதான பொள்ளாச்சியில இருந்து போன் பண்ணுனது? பல் செட்டு செய்யற லேப்ல வேலைன்னு சொன்னீங்க. அப்ப உங்க கைக்கு அரம் புதுசு இல்லைன்னு வைங்க.

இதாங்க அந்த பெல்ட் கிரைண்டர், கத்தி தேய்க்கற மிசினு. பழைய தண்ணி மோட்டாரை வச்சு நானே கட்டுனது. நல்லாப் பாருங்க, ரோலரைக் கையில சுத்திப் பாருங்க. குறையை மறைச்சு விக்கற ஆளு இல்லீங்க நானு. பேரு சென்னியப்பன். வேலைக்குச் சேந்ததுல இருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு மோட்டார் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்லயே இருந்தவன். ஒரு பீஸ்ல தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் சாக்பீஸ்ல பெருக்கல் போட்டு ஓரமாத் தள்ளிருவேன். கம்பெனியில எனக்கு 'பெருக்கல்'னே பேருங்க.

அந்தத் துண்டுக்குள்ள என்ன, நீங்க செஞ்ச கத்தியா? குடுங்க பாக்கலாம்.

ம். ஆரம்பத்துக்கு மோசமில்லீங்க. தப்பா நெனைக்காதீங்க, சொல்லிரட்டுமா? வாய்ப்பக்கம் சீவி இறக்கியிருக்கீங்களே, அந்தச் சரிவு இந்தப் பக்கம் முதுகு வரைக்கும் ஏறிப் போச்சு, அந்தப் பக்கம் பாதியில நின்னுருச்சு. சோத்துக்கைக்காரங்க எல்லாருக்கும் வர்றதுதான், ஒரு பக்கம் அழுத்தம் ஜாஸ்தியா விழுந்துரும். கத்தி வாய்க்கு நட்டநடுவுல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கங்க. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தித் தேயுங்க. ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போனீங்கன்னா கோணிக்கும்.

அப்பறம் இந்த மினுமினுப்பு. பாக்கறதுக்குக் கண்ணாடியாட்ட இருக்கு. வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க, உள்ள கீறல் தெரியுதா? முரட்டு எமரி பேப்பர் போட்ட கீறல் போகறதுக்குள்ள நைஸ் எமரிக்குப் போயிட்டீங்க. ஒரு பேப்பரை நீளவாக்குல தேச்சா அடுத்ததைக் குறுக்கால தேய்க்கோணும். அப்பத்தான் பழைய கீறல் எங்க மிச்சம் இருக்குதுன்னு காட்டிக்குடுக்கும். இதுக்கெல்லாம் அவசரப்படக் கூடாதுங்க. எம்பொண்ணு விசயத்துலயும் அதுதான் ஆயிப்போச்சு. அவ அவசரப்பட்டுட்டா.

ஏன் விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. தூசி ஒத்துக்கலைன்னு சொன்னேன். அது சும்மா சொன்னதுங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கேட்டுட்டு, அப்பறம் வாங்கறதா இருந்தா வாங்குங்க.

ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. போன்ல ஒரு வீடியோவுல ஒருத்தன் லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்துக் கத்தி செய்யறதைப் பாத்தேன். நம்மளும் செஞ்சா என்னன்னு ஆரம்பிச்சதுதான். மொதக் கத்தியை எங்க வீட்டம்மா பூங்கொடி கையில குடுத்தேன். தக்காளி நறுக்குனா. தக்காளி நசுங்கிச் சட்னி ஆயிருச்சு. "ஏனுங்க, இதுல தேங்கா வேணா உடைக்கலாமுங்க"ன்னா. அதுக்கப்பறம் செஞ்சதெல்லாம் அலமாரியில கிடந்துச்சு. சொந்தக்காரங்களுக்குக் குடுக்கலாம்னா ஒருத்தரும் கையில வாங்க மாட்டாங்க, கத்தி குடுத்தா உறவு முறிஞ்சிருமாம். ஒரு மனுசன் பாடுபட்டு ஒண்ணைச் செய்யறான், வீட்டுல ஒரு ஆளு திரும்பிப் பாக்கலைன்னா எப்படி இருக்கும்?

அப்பத்தாங்க எம்பொண்ணு ஆடிக்கு வந்தா. மோகனப்பிரியா. ஒரே பொண்ணு, மோகனான்னு கூப்பிடுவோம். மாப்பிள்ளை நவநீதன், அவங்க ஊர்ல நூல் மில் வச்சிருக்கற குடும்பம். கல்யாணம் முடிஞ்ச மொத ஆடிக்கு ரெண்டு பேரும் கார்ல வந்தாங்க. அடுத்த ஆடிக்கு இவ மட்டும் பஸ்ல வந்தா. அவருக்கு மில்லுல சோலின்னா. இருக்குந்தானுங்க, மில்லுன்னா சோலி இல்லாமயா?

நான் இங்க நின்னு அரம் போட்டுட்டு இருந்தேன். அவ அந்தக் கதவுல சாஞ்சுட்டு வெகு நேரம் பாத்துட்டே நின்னா. அதுக்கு முந்தி ஒரு நாளும் இந்த ஷெட்டுக்குள்ள எட்டிப் பாத்தவ இல்லீங்க. "அப்பா, எனக்கொரு கத்தி செஞ்சு குடுங்க"ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? "எதுக்கு கண்ணு, காய்க்கா, கறிக்கா?"ன்னு கேட்டேன். "சின்னதாப்பா. கைக்குள்ள அடங்கற மாதிரி"ன்னா. "முனை நல்லாக் கூரா இருக்கட்டும்"ன்னா. "ஒரு உறையும் வேணும், இடுப்புல செருகுனா வெளிய தெரியக் கூடாது"ன்னா. இவளுக்கு இத்தனை விசயம் தெரியுமான்னு எனக்கு ஒரே பெருமை. எத்தனை பேருக்குக் கத்தியைக் காட்டியிருப்பேன், ஒருத்தராவது முனை எப்படி இருக்கோணும், உறை எப்படி இருக்கோணும்னு கேட்டிருப்பாங்களா? எம்பட ரத்தமாச்சேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

பிடிக்கு அளவு எடுக்கோணுமில்லீங்க. பூங்கொடி சப்பாத்திக்கு மாவு பெசைஞ்சு வச்சிருந்தா. அதுல ஒரு உருண்டை வாங்கியாந்து, "இதைப் புடி கண்ணு"ன்னேன். விரல் பதியற எடத்தைப் பாத்துப் பிடியைச் செதுக்கலாம். நீங்களும் அப்படிச் செஞ்சு பாருங்க, நல்லா வரும். அவ புடிச்ச புடியில மாவு விரல் சந்துல எல்லாம் பிதுங்கிட்டு வெளிய வந்துருச்சு. "அம்மணி, இப்படி இறுக்குனா அளவு எப்படி வரும், சும்மா சாதாரணமாப் புடி"ன்னேன். மறுபடி புடிச்சா, மறுபடியும் அதேதான். நானே அவ கையைப் புடிச்சு விரலைத் தளத்தி விட்டேன். அப்பப் பாத்தேன், மணிக்கட்டைச் சுத்திக் கன்னிப் போயி நீலமா இருந்துச்சு.

"என்ன கண்ணு இது?"

"வளையல் இறுக்கம்ப்பா."

"அளவு பாத்து வாங்கக் கூடாதா?"ன்னு சத்தம் போட்டேன். அவ சித்த நேரம் என்னையவே பாத்துட்டு நின்னா. அப்பறம் கையில ஒட்டுன மாவை உருட்டிக்கிட்டே உள்ள போயிட்டா.

வேலையை ஆரம்பிச்சேன். மொத பட்டையில உருவம் வெட்டி, சரிவு எடுத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்குனா, வாழைக்காயாட்ட வளைஞ்சுக்குச்சு. கடாசிட்டேன். அடுத்ததுல சரிவு ஒரு பக்கம் ஏறிப் போச்சு, இப்ப உங்களுதுல இருக்கற மாதிரியேதான். அதுக்கும் பெருக்கல். அதுக்கப்பறந்தான் ஒண்ணு ஓரளவுக்கு உருவத்துக்கு வந்துச்சு.

இதுக்குள்ள அவ போன் மேல போன். "ஆச்சாப்பா?" "இல்ல கண்ணு, கீறல் போகலை." "ஆச்சாப்பா?" "முதுகு விளிம்பை மழுக்கோணும் கண்ணு, இல்லைன்னா விரலை அறுக்கும்." ஒரு நாளு, "பாலிஷெல்லாம் வேண்டாம்ப்பா, இருக்கற மாதிரியே குடுங்க"ன்னா. "அப்படிக் குடுத்தா நாலு பேரு பாத்துட்டு என்னையத்தான் சொல்லுவாங்க"ன்னேன்.

"நாலு பேரு பாக்க மாட்டாங்கப்பா"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நம்ம வேலையை வெளிய காட்டறதுக்குக் கூட இவளுக்கு வெக்கமான்னு.

இன்னொரு நாளு போன்ல பேசறப்பப் பின்னால ஒரே சத்தம், பாத்திரம் உருள்ற மாதிரி, ஒரு ஆளு கத்தற மாதிரி. "என்ன அங்க?"ன்னேன். "டிவி"ன்னா. அப்பறம் கொரலைத் தாழ்த்திக்கிட்டு, "அப்பா, நான் கொஞ்ச நாளைக்கு அங்க வந்து இருந்துக்கட்டுமா?"ன்னு கேட்டா. இதென்ன கேள்வி, அவ ஊடு. "தாராளமா வா கண்ணு. ஆனா ஒரு வாரம் பொறுத்து வந்தீன்னா உறையும் தெச்சு வச்சிருவேன், கையோட வாங்கிட்டுப் போயிரலாம், எதுக்கு ரெண்டு நடை"ன்னேன். நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். தீபாவளி நெருக்கம், பஸ்ல நிக்க எடம் இருக்காது. அவ போனை வெச்சுட்டா.

ஒரு வாரம் பொறுக்கலீங்க. ரெண்டாம் நாளே மத்தியானம் வந்து நின்னா. அன்னைக்குக் காலையிலதான் பிடிக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டை வச்சுப் பசை போட்டுக் கிளாம்பு மாட்டியிருந்தேன். "இன்னைக்குப் பூரா ஆறட்டும் கண்ணு, பசை புடிக்கலை"ன்னு சொல்லிட்டே இருக்கறேன், அவளே கிளாம்பைத் திருகிக் கழட்டிட்டா. உறை பாதிதான் தெச்சிருந்தேன். ஒரு பழைய துணியில சுருட்டிப் பைக்குள்ள வச்சுட்டா. "சாப்பிட்டுட்டுப் போ"ன்னு பூங்கொடி கெஞ்சுனா. "அவரு வர்றதுக்குள்ள போகோணும்மா"ன்னா. பூங்கொடி பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலயே போனா. நான் போகலை. எனக்குக் கோவம். நம்ம இத்தனை நாளு தேச்ச தேய்ப்புக்கு ஒரு வார்த்தை, நல்லா இருக்குதுப்பான்னு ஒரு வார்த்தை, சொன்னாளா?

தீபாவளிக்கு முந்தின வாரம் அவங்க ஊர் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு.

நடந்தது இதுதானுங்க. அவன் குடிச்சுட்டு வந்து கதவைத் தாப்பாப் போட்டுட்டு பெல்ட்டைக் கழட்டியிருக்கறான். அன்னைக்கு மட்டும் இல்ல, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்ல இருந்தே அப்படித்தானாம். இவ கத்தியை எடுத்து முன்னால நீட்டிக்கிட்டு, கிட்ட வராதீங்கன்னு சொல்லியிருக்கறா. அவன் கத்தியோட சேத்து அவ கையைப் புடிச்சு முறுக்கியிருக்கறான். ஆறறதுக்கு முந்தியே கிளாம்பைக் கழட்டுன பிடி, உள்ள சரியா ஒட்டலை, பொளந்துக்குச்சு. அவன் உள்ளங்கையும் கிழிஞ்சுது. இவ ஆள்காட்டி விரல்ல நரம்பும் அறுந்து போச்சு. இன்னைக்கும் அந்த விரல் மடங்காதுங்க. ஒரு நாளு பொறுத்திருந்தா பிடி நின்னிருக்கும். இதை நான் சொன்னா பூங்கொடி எந்திரிச்சு வெளிய போயிருவா. ஆனா நெசம் அதுதான?

ஸ்டேஷன்ல ஒரு எஸ்.ஐ. அம்மா இருந்தாங்க. நல்லவங்க. மோகனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் கட்டுப் போட வச்சு, டீயும் வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருந்தாங்க. மேசை மேல பாலித்தீன் கவருக்குள்ள நான் செஞ்ச கத்தி. ரத்தத்தைக் கூடத் தொடைக்கலை. ரத்தம் பட்டா இரும்பு கருத்துப் போகுமேன்னு எனக்கு மனசு அடிச்சுக்குது. அந்த அம்மா எழுதிட்டே சத்தமாப் படிச்சாங்க. "பழம் நறுக்கும் கத்தி ஒன்று."

"அம்மா, அது தப்புங்க"ன்னேன்.

பேனாவை நிறுத்திட்டு என்னையப் பாத்தாங்க. "ஏன், யாரு செஞ்சது இது?"

"நான்தானுங்க. பழம் நறுக்கற கத்தின்னா தகடு மெலிசா இருக்குமுங்க. இது முதுகு கனம். குத்துனாக் கூட வளையாது. எம்பொண்ணே சொல்லிச் செஞ்சது. முனை கூரா, கைக்குள்ள அடங்கற மாதிரி, இடுப்புல செருகுனா வெளிய தெரியாத மாதிரின்னு அவளேதான் கேட்டா."

உள்ளதைத்தானுங்க சொன்னேன். ஒரு எழுத்து கூட்டலை, ஒரு எழுத்து குறைக்கலை. அந்த அம்மா பேனாவை மூடி வச்சாங்க. அப்பறம், "பெரியவரே, நீங்க வெளிய போயி உக்காருங்க"ன்னாங்க. ஆனா மாப்பிள்ளையோட அப்பா பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாரு, அவங்க வக்கீலையும் கூட்டிட்டு. "அவரு சொன்னதை அப்படியே எழுதுங்க மேடம்"ன்னாரு வக்கீல்.

மோகனா தலையைத் தூக்கி என்னையப் பாத்தா. அந்த ஆடியில பாத்த மாதிரியே.

வீட்டுச் சண்டையில கை கிழிஞ்சதுன்னு போயிருக்க வேண்டிய கேஸு, இவ ஏற்கனவே திட்டம் போட்டுக் கத்தி செஞ்சு வாங்கிக் கொலை பண்ணப் பாத்தான்னு ஆயிப்போச்சு. ஜாமீன் கிடைக்கற வரைக்கும் எம்பொண்ணு ஜெயில்ல இருந்தாளுங்க. தீபாவளி அன்னைக்கு உள்ளதான் இருந்தா. நான் ஜெயிலுக்குப் பாக்கப் போனேன். என்னையப் பாக்க வர மாட்டேன்னு சொல்லியனுப்பிட்டா. அம்மாவை மட்டும் பாத்தா.

பூங்கொடி வீட்டுக்கு வந்து, சமையல்கட்டுல நின்னுட்டே சொன்னா. "இரும்புல கீறல் இருக்குதான்னு லென்ஸ் வச்சுப் பாப்பீங்களே..." அதுக்கு மேல சொல்லலை. அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசறதையே விட்டுட்டா. சோறு போடுவா, தண்ணி வெப்பா, பேச மாட்டா. ஜாமீன்ல வந்த மோகனா இந்த ஊட்டுக்கு வரலை. திருப்பூர்ல அவ பெரியம்மா ஊட்டுக்குப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, நான் பண்ணுன தப்பு என்ன? போலீஸ் கேட்டாங்க, சொன்னேன். அவ எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமில்ல, அப்பா அவன் அடிக்கறான்னு? கத்தி வேணும்னுதான கேட்டா? கேட்டதைச் செஞ்சு குடுத்தேன்.

கேஸு நடந்துச்சு. எங்க வக்கீல் ஷகிலா மேடம், கெட்டிக்காரங்க. என்னைய ஆபீசுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. "ஐயா, அரசுத் தரப்புல உங்களைச் சாட்சியாப் போட்டிருக்காங்க. கூண்டுல ஏறி என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததைச் சொல்லுவேனுங்க."

"நீங்க இதை எங்கயும் படிச்சுக் கத்துக்கலை. வீட்டுல பொழுது போகறதுக்காகச் செய்யறவரு. அந்தக் கத்தி ஒழுங்கா வரலை, அது ஆயுதமே இல்லை. அதைச் சொல்ல முடியுமா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா மேடம்? நான் செஞ்சதுலயே சுத்தமான பீஸு அதுதானுங்க."

மேடம் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சாங்க. "உங்க பொண்ணு வாழ்க்கை அந்தக் கத்தியிலதான் இருக்குது. தெரியுதா உங்களுக்கு?"

தெரியாமயாங்க? ஆனா வாழ்நாள் பூரா ஒரு பீஸைக் கையில எடுத்தா உள்ளதை உள்ளபடி சொன்னவன். மேனேஜரே வந்து பாஸ் பண்ணச் சொன்னாலும் பண்ணாதவன். நல்லா இருக்கறதை நல்லா இல்லைன்னு எப்படிங்க சொல்றது? வந்து படுத்தா தூக்கமே வரலை. கடைசியா ஒரு முடிவுக்கு வந்துட்டேன். பொய் சொல்றதில்லைன்னு. இதை நல்லாக் கேட்டுக்கங்க. அந்த முடிவோடதான் நான் கோர்ட்டுக்குப் போனேன்.

கூண்டுல ஏறுனேன். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, அவங்க அப்பா. இந்தப் பக்கம் மோகனா, கையைச் சேலைத் தலைப்புல மறைச்சுட்டு நின்னுட்டு இருந்தா. வெகு நாளைக்கப்பறம் பாக்கறேன், எளச்சுப் போயிருந்தா. அரசு வக்கீல் கவரைப் பிரிச்சுக் கத்தியை என்ற கையில குடுத்தாரு. "இது நீங்க செஞ்சதுதான? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பாத்துச் சொல்லுன்னு சொல்லிட்டாரில்லீங்க. லென்ஸு எப்பவும் என்ற சட்டை ஜோப்புலயே கிடக்கும். "ஐயா, வெளிச்சத்துல பாத்துக்கலாமுங்களா?"ன்னு ஜட்ஜைக் கேட்டேன். அவரு தலையாட்டுனாரு. ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தியைச் சாச்சேன்.

என்னன்னு சொல்றதுங்க. இத்தனை நாளு கழிச்சு, வேற எவனோ செஞ்ச மாதிரி அது என்ற கையில இருக்குது. சரிவு ரெண்டு பக்கமும் ஒண்ணா விழலை. பாலிஷுக்கு அடியில முரட்டு எமரிக் கீறல் அப்படியே கிடக்குது. முனை ஒரு பக்கமாக் கோணியிருக்குது. கோணுனது மட்டும் இல்ல, முனையில நீலம் பாஞ்சிருக்குது. கூர் எடுக்கறப்பத் தண்ணியில முக்காம இழுத்துருக்கறேன், சூடேறி இரும்பு இளகிப் போச்சு. நான் செஞ்சதுலயே சுத்தமான பீஸுன்னு நெனைச்சுட்டு இருந்த கத்தி அது. கம்பெனியில என்ற மேசைக்கு வந்திருந்தா ரெண்டாவது தடவை பாத்திருக்க மாட்டேன்.

"இது நல்ல கத்தி இல்லீங்க"ன்னேன்.

அரசு வக்கீல் ஃபைலைப் புரட்டுனாரு. "குத்துனாக் கூட வளையாதுன்னு ஸ்டேஷன்ல சொன்னீங்களே?"

"சொன்னேனுங்க. அன்னைக்குச் சரியாப் பாக்கலை. முனை கோணல். சூடேறி இளகியும் போச்சு, கட்டியா எதுலயாவது பட்டா மடங்கிக்கும். கை வழுக்காம இருக்கறதுக்கு முன்னால ஒரு தடுப்பு வெக்கோணும், அது வெக்கலை. குத்தப் போனா புடிச்சவங்க விரல்தான் அறுபடும். பிடியும் நிக்கலை. குத்தறதுக்குன்னு செய்யறவன் இப்படிச் செய்ய மாட்டானுங்க. இது செய்யத் தெரியாத ஒருத்தன் செஞ்சது."

சொல்லச் சொல்ல கண்ணுல தண்ணி வந்துருச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியும். அந்தக் கத்தியைப் பாத்துத்தான் வந்துச்சு. இத்தனை பேரு முன்னால, இப்படி ஒரு பீஸைச் செஞ்சுட்டு, இதைத்தான் பெருமையாப் பேசிட்டுத் திரிஞ்சேனான்னு. ஜட்ஜ் தண்ணி குடுக்கச் சொன்னாரு.

எறங்கி வந்து பின்னால பெஞ்சுல உக்காந்தேன். அடுத்ததா ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தாங்க. மோகனா உடம்புல அன்னைக்கு இருந்த காயம், அதுக்கு முந்தின பழைய காயம்னு ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. முதுகு, தோள்பட்டை. மணிக்கட்டைச் சுத்தி இருக்கறது பல தடவை புடிச்சு முறுக்குனதால வந்ததுன்னாங்க. நான் வளையல்னு நெனைச்சுட்டு இருந்தேனுங்க. வளையல்னுதான சொன்னா.

விடுதலை ஆயிட்டா. தற்காப்புக்காக நீட்டுனதுதான்னு ஜட்ஜ் எழுதிட்டாரு. அவன் மேல இவ குடுத்த கேஸு இன்னும் நடக்குது. தீர்ப்பு அன்னைக்குக் கோர்ட்டு வராண்டாவுல நான் ஒரு தூண் ஓரமா நின்னுட்டு இருந்தேன். கிட்டப் போகறதா வேண்டாமான்னு தெரியலை. அவளேதான் வந்தா. வந்து என்ற சட்டைக் கையைப் புடிச்சுக்கிட்டா.

"உங்க வேலையை ஒருத்தரு குறை சொன்னாவே தாங்க மாட்டீங்க. அத்தனை பேரு முன்னால நீங்களே சொல்லிட்டீங்களேப்பா. எனக்காக"ன்னு சொல்லிட்டு அழுதா. பூங்கொடியும் அழுதா. அன்னைக்குத்தான் அவ மறுபடி எங்கிட்டப் பேசுனா, "வாங்க, வீட்டுக்குப் போலாம்"னு.

என்னன்னு சொல்றது? கண்ணு, நான் உனக்காகச் சொல்லலை, கத்தி நெசமாவே மோசம்னா? கத்தி நல்லா இருந்திருந்தா நல்லா இருக்குதுன்னுதான் சொல்லியிருப்பேன். உன்னைய உள்ள தள்ளியிருப்பேன்னு சொல்றதா? வராண்டாவுல ஒரு தடவை வாயைத் தொறந்தேன். அவ என்ற சட்டைக் கையை விடவே இல்லை. மூடிக்கிட்டேன்.

இப்ப இங்கதான் இருக்கறா. வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் சொல்லுவா, எங்கப்பா எனக்காகக் கோர்ட்டுல பொய் சொன்னாருன்னு. சொல்றப்ப அவ மூஞ்சியைப் பாக்கோணுமே. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருப்பேன். பூங்கொடி மட்டும் ஒரு தடவை என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. அவளுக்குத் தெரியும்னு நெனைக்கறேன். கேக்கலை.

மிசினு விசயத்துக்கு வர்றேன். "ஓட்டுங்கப்பா, எனக்கென்ன"ன்னுதான் மோகனா சொன்னா. ஒரு நாளு ஓட்டுனேன். எனக்கு என்னமோ ஒரு ரோசனை. அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டு எந்திரிச்சுப் போயி சமையல்கட்டு ஜன்னல்ல பாத்தேன். மிசினு சத்தம் கேக்கக் கேக்க, மோகனா பாத்திரம் கழுவற தொட்டி விளிம்பைப் புடிச்சுட்டு, கண்ணை மூடிட்டு நின்னா. விரல் முட்டி எல்லாம் வெளுத்துப் போயி, மடங்காத அந்த ஒரு விரல் மட்டும் தனியா நீட்டிக்கிட்டு. அவளுக்கு நான் பாத்தது தெரியாது. திரும்பி வந்து சுவிட்சை அமத்துனேன். அன்னைக்கே விளம்பரம் போட்டாச்சு. அவகிட்ட தூசின்னு சொல்லியிருக்கறேன். நம்பிட்டா.

சொல்லிரலாமான்னு சில சமயம் இருக்கும். சோத்துக்கு உக்காந்திருக்கறப்ப, ஒரு கையில தடுமாறித் தட்டை எடுப்பா, அப்பத் தோணும். நீங்க என்ன நெனைக்கறீங்க? வேண்டாம், வேண்டாம், ஒண்ணும் சொல்லாதீங்க. பேசாம இருங்க, அவ வர்றா. காலடி கேக்குது. காப்பி கொண்டாருவா.

வா கண்ணு. இவருதான் பொள்ளாச்சி, மிசினு பாக்க வந்திருக்கறாரு. ஆமா, இவரும் கத்தி செய்வாரு. இல்லம்மா, நான் ஒண்ணும் சொல்லலை, எமரி பேப்பரைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். தட்டை அந்தப் பலகை மேல வெய்யி, நான் எடுத்துக்கறேன், உனக்குக் கை வலிக்கும்.

கோர்ட்டுக் கதையா? அதெதுக்கு கண்ணு இப்ப.

சரி, சொல்லு. அவருக்கு ஒண்ணும் அவசரமில்லை, உக்காந்து கேக்கட்டும். காப்பி ஆறிருமுங்க, குடிச்சுட்டே கேளுங்க.